கம்பியில் போகும் இரண்டு செய்திகள்

ஒரு மீட்டர் நீள இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு மறுமுனையைச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால், அதிர்வு கையில் உடனே தெரியும். இரும்புக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 5000 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு மீட்டரைக் கடக்க ஒரு நொடியில் 5000-ல் ஒரு பங்கு நேரம் போதும். இப்போது அதே மறுமுனையைத் தீயில் வைப்போம். அந்த முனை சிவக்கத் தொடங்கிய பிறகும் கைப்பக்கம் குளிர்ந்தே இருக்கும். காத்திருக்க வேண்டியதுதான்.

தட்டியபோதும் அணுக்கள்தான் அதிர்ந்தன. சுடும்போதும் அணுக்கள்தான் அதிர்கின்றன. கம்பி ஒன்றுதான், அணுக்களும் அவையேதான். அப்புறம் ஏன் ஒரு செய்தி பாய்கிறது, இன்னொன்று ஊர்கிறது?

பாடப்புத்தகத்தில் வெப்பம் ஒரு பாடம், ஒலி ஒரு பாடம், ஒளி இன்னொரு பாடம். தேர்வுக்குப் படிக்கும்போதும் தனித்தனியாகவே படித்து முடித்துவிடுகிறோம். இந்தக் கேள்வியோ மூன்றுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் விழுந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், வெப்ப இயற்பியலுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் கிடையாது.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். பேச்சில் ‘சூடு’ என்ற ஒரே சொல்லை வைத்து எல்லாவற்றையும் சமாளித்துவிடுகிறோம். இயற்பியலுக்கு மூன்று சொற்கள் வேண்டும். ஒரு பொருளின் துகள்கள் எல்லாம் ஓயாமல் அசைந்துகொண்டும், ஒன்றையொன்று இழுத்துக்கொண்டும் தள்ளிக்கொண்டும் இருக்கின்றன. அந்த அத்தனை ஆற்றலின் மொத்தம்தான் அக ஆற்றல்; வெப்ப ஆற்றல் என்று பொதுவாகச் சொல்வதும் ஏறத்தாழ இதைத்தான். ஒரு துகளுக்குச் சராசரியாக எவ்வளவு துடிப்பு என்று காட்டுவது வெப்பநிலை. வெப்பம் என்பது, வெப்பநிலை வேறுபாட்டால் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறிக்கொண்டிருக்கும் ஆற்றல். கணக்குப் புத்தகத்தின் மொழியில் சொன்னால், அக ஆற்றல் இருப்பு, வெப்பம் வரவு. ‘இந்தத் தண்ணீரில் இவ்வளவு வெப்பம் இருக்கிறது’ என்று எழுதுவது, இருப்பைப் பார்த்து வரவு என்று சொல்வதற்குச் சமம்.

இருப்பு கூடுவதற்கு இன்னொரு வழியும் உண்டு. உள்ளங்கைகளைத் தேய்த்துப் பாருங்கள். சூடான பொருள் எதையும் தொடவில்லை, ஆனாலும் கை சூடாகிறது. அங்கே வந்தது வேலை. வேலையாக வந்ததா, வெப்பமாக வந்ததா என்று கையின் தோலுக்குத் தெரியாது. வெப்ப இயக்கவியலின் முதல் விதி இவ்வளவுதான்: இரண்டு வழியில் வந்த வரவையும் ஒரே பேரேட்டில் எழுது, கணக்கு எப்போதும் நேராகும்.

இதை ஒப்புக்கொள்ள மனிதர்களுக்கு வெகுகாலம் ஆனது. 18-ஆம் நூற்றாண்டில் வெப்பத்தை ஒரு பொருள் என்றே நம்பினார்கள். எடையில்லாத, கண்ணுக்குத் தெரியாத ஒரு பாய்மம். லவாய்சியர் அதற்கு ‘கலோரிக்’ என்று பெயரும் வைத்து, தனிமங்களின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார். முட்டாள்தனமான எண்ணம் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு ஏதோ ஒன்று வழிந்து போவதுபோலத்தானே இருக்கிறது? பல கணக்குகள் அந்த நம்பிக்கையை வைத்தே சரியாக வந்தன. சிக்கல் முளைத்தது பீரங்கிக் கூடத்தில். மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய் குடைவதை மேற்பார்வையிட்ட ரம்ஃபோர்ட், மழுங்கிய குடைகருவியை வேண்டுமென்றே பொருத்தி, உலோகத்தைச் சுற்றித் தண்ணீர் நிரப்பிக் குதிரைகளைக் கொண்டு சுழற்றச் செய்தார். சுமார் இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. நெருப்பே இல்லாமல் கொதித்த தண்ணீரைப் பார்த்துச் சுற்றி நின்றவர்கள் வாயடைத்துப் போனார்கள் என்று 1798-ல் வெளியான கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார். குடையக் குடைய வெப்பம் வந்துகொண்டே இருந்தது, அதற்கு முடிவே தெரியவில்லை. ஒரு பொருளுக்குள் அடைபட்டிருந்த பாய்மம் என்றால் எப்போதாவது தீர்ந்துபோக வேண்டாமா?

அந்தக் கேள்விக்கு எண்ணால் பதில் சொன்னவர் ஜூல். எடைக்கற்கள் இறங்கும்போது கயிறு ஒரு துடுப்பைச் சுழற்றும்; துடுப்பு தண்ணீரைக் கலக்கும்; தண்ணீரின் வெப்பநிலை ஒரு டிகிரியில் சின்னப் பங்கு ஏறும். அதை அவர் 1840-களில் பொறுமையாகத் திரும்பத் திரும்ப அளந்தார். இன்றைய அலகில், ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4.19 ஜூல் வேண்டும். இந்த எண்ணை மனப்பாடம் செய்வதோடு நிறுத்திவிடாமல் அதன் அளவையும் உணர வேண்டும். 100 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவி, தன் முழு ஆற்றலையும் தண்ணீரைச் சூடாக்கவே செலவழித்தாலும் கால் டிகிரிகூட ஏறாது. அவ்வளவு பெரிய இரைச்சலுக்கு அவ்வளவு சின்னச் சூடு.

வெப்பநிலை வேறு, ஆற்றல் வேறு என்பது சாணைக்கல்லில் பறக்கும் தீப்பொறியில் நன்றாகத் தெரியும். பொறியின் வெப்பநிலை ஆயிரம் டிகிரியைத் தாண்டும். ஆனால் 0.1 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இரும்புத் தூளின் எடை ஒரு கிராமில் பத்து லட்சத்தில் நான்கு பங்குதான். அது ஆறும்போது வெளிவிடுவது ஏறத்தாழ 2 மில்லிஜூல். கொதிநீரில் ஒரு சொட்டு வெறும் 100 டிகிரிதான். ஆனால் அது கையில் விழுந்து உடல் வெப்பநிலைக்கு இறங்கும்போது 13 ஜூலுக்கு மேல் தந்துவிடும். ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். பொறி கையில் பட்டால் சுருக்கென்று ஒரு குத்தல், சொட்டு பட்டால் கொப்புளம். (பொறி கண்ணில் விழுந்தால் கதை வேறு. சாணை பிடிப்பவர்கள் கண்ணாடி அணிவது அதனால்தான்.)

நீராவி இன்னும் மோசம். 100 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் நீராவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போதே சுமார் 2260 ஜூலைக் கொட்டிவிடுகிறது; வெப்பநிலை ஒரு டிகிரிகூட இறங்குவதற்கு முன்பே. அதே ஒரு கிராம் கொதிநீர் 35 டிகிரிக்கு இறங்கினால் தருவது 270 ஜூலை ஒட்டித்தான். நிலை மாறும்போது வந்துபோகும் இந்த ஆற்றலைத்தான் உள்ளுறை வெப்பம் என்கிறோம். பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் வெப்பநிலைமானியை வைத்தால், கடைசித் துண்டு கரையும்வரை அது பூஜ்யத்தைவிட்டு நகர மறுக்கும். வந்த ஆற்றல் எல்லாம் மூலக்கூறுகளின் பிணைப்பைத் தளர்த்தவே போய்விடுகிறது. ஒரு கிராம் பனிக்கட்டியைக் கரைக்க ஆகும் செலவில், கரைந்த அதே தண்ணீரை 80 டிகிரிவரை சூடாக்கிவிடலாம்.

சரி, கம்பிக்குத் திரும்புவோம்.

தீயில் இருக்கும் முனையில் அணுக்கள் வேகமாகத் துடிக்கின்றன. ஆனால் எந்தத் திசையிலும் ஒத்துப்போகாத துடிப்பு. ஓர் அணு பக்கத்து அணுவை இடிக்கிறது, அது அடுத்ததை இடிக்கிறது. வாங்கியதில் கொஞ்சம் முன்னால் போகிறது, கொஞ்சம் பின்னாலேயே திரும்புகிறது. இரும்பு உலோகம் என்பதால் கட்டற்ற எலக்ட்ரான்களும் ஆற்றலைச் சுமந்து ஓடுகின்றன. அவையும் ஓடிய வேகத்திலேயே எதிலாவது மோதித் திசை மாறிவிடுகின்றன. ஒவ்வோர் அடிக்கும் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் முன்னால், பூ விழுந்தால் பின்னால் என்று நடக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். 100 அடி நடந்த பிறகு, புறப்பட்ட இடத்திலிருந்து அவர் பெரும்பாலும் 10 அடியை ஒட்டிய தூரத்துக்குள்தான் இருப்பார். 20 அடி தள்ளிப் போக வேண்டுமென்றால் 400 அடி நடக்க வேண்டும். தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். வெப்பக் கடத்தலின் சாரமே இந்த வர்க்கக் கணக்குதான். இதற்கான சமன்பாட்டை ஃபூரியே 1822-ல் வெளியான நூலில் விரிவாக எழுதி வைத்தார்.

இரும்புக்கு எண்களைப் போட்டுப் பார்த்தால், சூடு ஒரு சென்டிமீட்டர் பரவ 4 நொடிகளை ஒட்டி ஆகிறது. 10 சென்டிமீட்டருக்கு 7 நிமிடம். ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 12 மணி நேரம்! நடைமுறையில் அதற்குள் சுற்றியுள்ள காற்று பாதி வழியிலேயே சூட்டை வாங்கிக்கொண்டுவிடும். கைமுனை கடைசிவரை சுடாமலே போகலாம். தட்டும்போது கதையே மாறுகிறது. சுத்தியல் ஒரு முழு அடுக்கு அணுக்களை ஒரே திசையில், ஒரே நேரத்தில் தள்ளுகிறது. அந்த அடுக்கு அடுத்த அடுக்கை அதே திசையில் தள்ளுகிறது. திரும்பிப் பார்க்க, தடுமாற இடமே இல்லை. அதுதான் அலை. இரட்டிப்புத் தூரத்துக்கு இரட்டிப்பு நேரம், அவ்வளவுதான்.

ஆக, ஒலிக்கும் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாடு துகளில் இல்லை, அசைவில் உள்ள ஒழுங்கில் இருக்கிறது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் அலைகள் பாடத்தில் பாதி தானாக விளங்கும். அலை பொருளைக் கொண்டுபோவதில்லை, ஆற்றலைத்தான் கொண்டுபோகிறது என்று புத்தகம் சொல்வது ஏன் என்றும் புரியும்; ஒவ்வோர் அடுக்கும் தள்ளிவிட்டுத் தன் இடத்துக்கே திரும்பிவிடுகிறது. தள்ளல் அலை போகும் திசையிலேயே இருந்தால் நெட்டலை, குறுக்கே இருந்தால் குறுக்கலை. அலைநீளம், அதிர்வெண், வீச்சு ஆகியவற்றின் வரையறைகளைப் புத்தகத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அவை அளவைச் சொற்கள்தான்.

காற்றுக்கு வந்தால் இந்த ஒழுங்கு எவ்வளவு மெல்லியது என்று தெரியும். எனக்கு இதைச் சொல்லித் தீராது. அறை வெப்பநிலையில் காற்று மூலக்கூறுகள் நொடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் எல்லாத் திசையிலும் பாய்கின்றன. ஒன்றோடொன்று மோதாமல் அவை போகும் தூரம் சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த அமளிக்கு நடுவே நீங்கள் சாதாரணக் குரலில் பேசுகிறீர்கள். உங்கள் பேச்சு காற்றுக்குக் கொடுக்கும் ஒழுங்கான அசைவு நொடிக்கு ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர். நத்தைகூட அதைவிட வேகமாக நகரும். 500 மீட்டர் வேகக் கூச்சலின் மேல் 0.05 மில்லிமீட்டர் ஒழுங்கு. அதைக் காது பிடித்துக்கொள்கிறது. கூச்சல் எல்லாத் திசையிலும் இருப்பதால் ஒன்றையொன்று அடித்துவிடுகிறது. ஒழுங்கான பங்கு, எவ்வளவு சிறியதானாலும், கோடானுகோடி மூலக்கூறுகளிலும் ஒரே பக்கம் சேர்ந்து மிஞ்சுகிறது.

காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர். மூலக்கூறின் 500 மீட்டரைவிடக் கொஞ்சம் குறைவு. இது தற்செயல் இல்லை. ஒலி என்ற செய்தியைக் கொண்டுபோகும் தூதர்கள் அந்த மூலக்கூறுகளே. தூதரைவிடச் செய்தி எப்படி முந்தும்? காற்று சூடானால் தூதர்கள் வேகமெடுக்கிறார்கள், ஒலியும் வேகமெடுக்கிறது. பூஜ்ய டிகிரியில் 331 மீட்டர், அப்புறம் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடும். ஊதுகருவி வாசிப்பவர்கள் ஊதி ஊதிக் கருவிக்குள் காற்று சூடானதும் சுருதி சற்றே ஏறுவதைக் கவனித்திருப்பார்கள். காரணம் இதுவே.

இங்கேதான் நியூட்டன் தடுமாறினார். 1687-ல் வெளியான தன் பெரிய நூலில் அவர் ஒலியின் வேகத்தை வெறும் கணக்கால் கண்டுபிடிக்கப் பார்த்தார். காற்றை ஒரு சுருள்வில்போல எடுத்துக்கொண்டு, அதன் அழுத்தத்தையும் அடர்த்தியையும் வைத்துப் போட்ட கணக்கு. அபாரமான துணிச்சல் அது. ஆனால் விடை, அளந்த வேகத்தைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவாக வந்தது. பிந்தைய பதிப்பில், காற்றின் திடத் துகள்கள் தமக்கென்று இடத்தை அடைத்துக்கொள்வதால்தான் இப்படி என்றுகூடச் சமாளித்துப் பார்த்தார். அது சரியான காரணம் இல்லை.

சரியான காரணத்தைக் கையால் தொட்டுப் பார்க்க ஒரு சைக்கிள் பம்ப் போதும். வெளிவாயை விரலால் அடைத்துக்கொண்டு பிடியை வேகமாகப் பத்து முறை அழுத்துங்கள். பம்பின் அடிப்பகுதி சுடும். அழுத்தும்போது நீங்கள் செய்த வேலை காற்றின் இருப்பில் சேருகிறது. 27 டிகிரியில் உள்ள காற்றைச் சூடு வெளியேற நேரமே தராமல் பாதிப் பருமனுக்கு அழுத்தினால், அது 120 டிகிரியைத் தாண்டும் என்கிறது கணக்கு. டீசல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்கத் தீப்பொறி தேவைப்படாததும் இதனால்தான்; அழுத்திய காற்றின் சூடே போதும்.

ஒலி அலையில் நெருக்கம், நெகிழ்வு என்று மாறி மாறி வருகிறதல்லவா? ஒவ்வொரு நெருக்கமும் ஒரு குட்டிப் பம்ப். அங்கே காற்று சற்றே சூடாகிறது, நெகிழ்வில் சற்றே குளிர்கிறது. சூடானதால் நெருக்கத்தின் அழுத்தம் நியூட்டன் நினைத்ததைவிடக் கூடுதலாக ஏறுகிறது. வில் இன்னும் விறைப்பாகிறது. அலை இன்னும் வேகமாக ஓடுகிறது. நியூட்டன் காற்றின் வெப்பநிலை மாறாது என்று எடுத்துக்கொண்டிருந்தார். 1816-ல் லாப்லாஸ் அதைத் திருத்தினார். சூடாவதால் காற்றின் விறைப்பு 1.4 மடங்காகிறது; வேகத்துக்கு அந்தத் திருத்தம் 1.4-ன் வர்க்கமூலம், அதாவது 1.18. நியூட்டனின் விடையை அதனால் பெருக்கினால் அளந்த வேகம் வந்துவிடுகிறது. ஒலிக்கணக்கில் காணாமல்போன 15 விழுக்காடு வெப்பத்தில் ஒளிந்திருந்தது.

ஒரு கூர்மையான மாணவர் இங்கே மடக்குவார்: நெருக்கத்தில் வந்த சூடு பக்கத்து நெகிழ்வுக்குப் பாய்ந்து சமமாகிவிடாதா? கம்பியில் பார்த்த வர்க்கக் கணக்குதான் பதில். நொடிக்கு 1000 முறை அதிரும் ஒலியில் ஒரு நெருக்கம் நெகிழ்வாக மாற அரை மில்லிநொடிதான் ஆகும். அந்த நேரத்தில் காற்றில் சூடு பரவக்கூடிய தூரம் 0.1 மில்லிமீட்டர். நெருக்கத்துக்கும் நெகிழ்வுக்கும் நடுவில் உள்ள தூரமோ 17 சென்டிமீட்டர். சூடு வாசலைத் தாண்டுவதற்குள் அலை ஊரைத் தாண்டிவிடுகிறது. நாம் சாதாரணமாகப் பேசும்போது இந்த வெப்பநிலை ஏற்ற இறக்கம் ஒரு டிகிரியில் லட்சத்தில் ஓரிரு பங்குதான். ஆனாலும் ஒலியின் வேகத்தைத் தீர்மானிப்பதில் அதற்குப் பங்கு உண்டு.

ஒலிக்கும் கடத்தலுக்கும் பொருள் வேண்டும். வெப்பச் சலனத்துக்கும் வேண்டும். அங்கே சூடான காற்றோ நீரோ லேசாகி மேலெழும்பித் தானே ஆற்றலைச் சுமந்து போகிறது. சூரியனுக்கும் நமக்கும் நடுவே 15 கோடி கிலோமீட்டர் வெற்றிடம். அதைக் கடந்து வருவது மின்காந்த அலை, 8 நிமிடம் 20 நொடியில். 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பநிலைமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு வெளியே, கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில், வெப்பநிலை இன்னும் ஏறியது. அதுதான் அகச்சிவப்பு. ‘வெப்பக் கதிர்’ என்று ஒரு தனி இனம் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. எல்லாம் ஒளிதான், அலைநீளம் மட்டும் வேறு. சுமார் 5800 கெல்வினில் (மைனஸ் 273 டிகிரியைப் பூஜ்யமாக வைத்து எண்ணும் அளவு) உள்ள சூரியனின் கதிர்வீச்சு ஒரு மில்லிமீட்டரில் 2000-ல் ஒரு பங்கு அலைநீளத்தில் உச்சம் தொடுகிறது. நம் உடலின் கதிர்வீச்சு அதைவிட ஏறத்தாழ 19 மடங்கு நீளமான அலையில். ஆமாம், நாமும் ஒளிர்கிறோம். வயது வந்த ஒருவரின் தோல் நொடிக்கு 800 ஜூலுக்கு மேல் அகச்சிவப்பாக வெளியே அனுப்புகிறது. சுற்றியுள்ள சுவர்களும் அதே அளவுக்குச் சற்றுக் குறைவாகத் திருப்பி அனுப்புவதால்தான் நாம் விறைத்துப் போகாமல் இருக்கிறோம்.

இந்த அலைகள் எல்லாம் கடைசியில் எங்கே போகின்றன? மூடிய அறையில் கத்தினால் ஒலி சுவரில் பட்டுப் பட்டுத் தேய்ந்து அடங்குகிறது. ஒழுங்காக இருந்த அசைவு ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குலைந்து, சுவரிலும் காற்றிலும் ஒழுங்கில்லாத துடிப்பாகக் கலந்துவிடுகிறது. அறை சூடாகிறது, ஆனால் நம்மால் உணர முடியாத அளவுக்கு. கத்தும் குரலின் ஒலித்திறன் ஒரு மில்லிவாட் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சிந்தாமல் சிதறாமல் 200 கிராம் தண்ணீருக்குள் சேர்த்தால், 50 டிகிரி ஏற ஒரு வருடத்துக்கும் மேல் இடைவிடாமல் கத்த வேண்டும். ஒழுங்கிலிருந்து குலைவுக்கு இப்படி எளிதாக இறங்கிவிடலாம். குலைந்த துடிப்பு தானாக ஒன்றுகூடி மறுபடி குரலாக எழுவதில்லை. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி இதைத்தான் சொல்கிறது.

அப்படியென்றால் சூடு ஒருபோதும் அலையாகப் பாயவே முடியாதா? வைரம் கொஞ்சம் நெருங்கி வருகிறது. அதில் கட்டற்ற எலக்ட்ரான்களே கிடையாது. சூட்டைச் சுமப்பது அணுக்களின் அதிர்வு மட்டும். பிணைப்புகள் அவ்வளவு விறைப்பானவை, அடுக்கும் அவ்வளவு சீரானது என்பதால், அதிர்வு குலையாமல் நெடுந்தூரம் போகிறது. அறை வெப்பநிலையில் செம்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு நன்றாக வைரம் வெப்பத்தைக் கடத்துகிறது. ஆனாலும் அது பரவல்தான், வர்க்கக் கணக்குதான்.

உண்மையான விதிவிலக்கு திரவ ஹீலியம். அதைக் குளிர்வித்துக்கொண்டே போனால் 2.17 கெல்வினில் ஒன்று நடக்கிறது. அதுவரை குமிழி குமிழியாகக் கொதித்துக்கொண்டிருந்த திரவம் சட்டென்று அடங்கிக் கண்ணாடிபோல் நின்றுவிடும். சூடு எந்த இடத்திலும் தங்காமல் உடனுக்குடன் கடந்து போய்விடுவதால் குமிழி உருவாகவே வழியில்லை. அந்த நிலையில் திரவத்துக்குள் இரண்டு ஓட்டங்கள் எதிரெதிராகப் போக முடியும். அடர்த்தி மாறாமல் வெப்பநிலை மட்டும் அலையாக நகரும் என்று திஸ்ஸாவும் லாண்டாவும் கணித்திருந்தார்கள். 1944-ல் சோவியத் இயற்பியலாளர் பெஷ்கோவ் அதைச் சோதனையில் பிடித்தார். இரண்டாம் ஒலி என்பது அதன் பெயர். சூட்டின் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி, நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் திரவத்தின் ஊடே நடந்துபோயின. அந்தத் திரவத்தில் இரண்டு மடங்கு தூரத்தைக் கடக்கச் சூட்டுக்கு இரண்டு மடங்கு நேரம் போதும்.